தேனுவைத் தரையில் விட்ட நாட்கள்

சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. கீழே நைட்டிக்கும் பெட்ஷீட்டுக்கும் விலை கூவிக்கொண்டிருந்தார்கள். படியேறி வந்தால் வெள்ளைச் சுவர், ஒரே ஒரு நாற்காலி, தரை முழுவதும் நீல ரப்பர் பாய். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். தோளில் தேனு.

தேனு என் மகள். சர்டிபிகேட்டில் தேன்மொழி. அப்போது அவளுக்கு எட்டு மாதம் நடந்துகொண்டிருந்தது.

பாயின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவர் நஸ்ரீன், பிசியோதெரபிஸ்ட். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். தனக்கு முன்னால் இருந்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டினார்.

"பாப்பாவை இங்க விடுங்க அக்கா."

குனிந்தேன். முழங்கால் மடங்கியது, முதுகு வளைந்தது. கை மட்டும் விடவில்லை. மறுபடி நிமிர்ந்துவிட்டேன்.

"தரை ஜில்லுனு இருக்குமோ?" என்றேன்.

நஸ்ரீன் பாயைத் தொட்டுப் பார்த்தார். "இல்லையே. நல்லாத்தான் இருக்கு."

"ஷால் விரிச்சுக்கவா?"

"விரிச்சுக்கோங்க."

ஷாலை விரித்தேன். பிறகும் நின்றுகொண்டேதான் இருந்தேன். வீட்டில் கீழே விடுவீர்களா என்று கேட்டார். கட்டிலில் விடுவேன் என்றேன். எப்போது? தூங்கும்போது. விழித்திருக்கும்போது? கையில்தான். எப்பவுமா? எப்பவும்தான்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எட்டு மாதமாகக் குழந்தையின் முதுகில் தரை படாமல் வளர்த்தவள் என்ற பெருமை.

"அவசரம் இல்ல அக்கா. உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப விடுங்க," என்று சொல்லிவிட்டு நஸ்ரீன் ஒரு துண்டை எடுத்து இறுக்கமாகச் சுருட்ட ஆரம்பித்தார். அவர் சுருட்டிக்கொண்டிருக்கட்டும். நான் ஏன் அப்படி நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிப் பெட்டி

தேனுவுக்கு முன்னால் இரண்டு தடவை கரு உண்டாகி இரண்டும் நிலைக்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதம், அடுத்தது ஐந்தாம் மாதம். அவற்றைப் பற்றி, நான் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

மூன்றாவதாக வந்தவள் ஏழு மாதம் முடிந்ததுமே பிறந்துவிட்டாள். ஒன்றரைக் கிலோகூட இல்லை. நான் முதலில் பார்த்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். மூக்கில் குழாய், காலில் வயர், தலையில் எலுமிச்சம்பழத்துக்குப் போடுவது போல ஒரு குல்லாய். பெட்டியின் பக்கத்தில் வட்டமாக ஒரு துளை. அதன் வழியாகக் கையை விட்டு அவள் உள்ளங்காலைத் தொடலாம். அதற்கு முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவிக் கழுவி என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போயிருந்தது.

கொஞ்சம் எடை ஏறியதும் நர்ஸ்கள் அவளை எடுத்து என் நெஞ்சில் வைத்தார்கள். தோலோடு தோல் படும்படி வைத்து, மேலே துணியைச் சுற்றினார்கள். "இப்படியே வச்சிருங்கம்மா, இதுதான் அவளுக்கு நல்லது," என்றார்கள். நல்லதாகத்தான் இருந்தது. அவள் மூச்சு சீரானது. உடம்பில் சூடு நின்றது. நாற்பது நாளுக்கு மேலாகி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எதுவரை அப்படி வைத்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் சொல்லியும் இருப்பார்கள். என் காதில் விழவில்லை.

எங்கள் வீடு ஈஜிபுராவில், முதல் மாடியில். ஒரு கூடம், ஒரு சமையலறை. ஆஸ்பத்திரியின் சட்டதிட்டம் அத்தனையையும் அங்கே கொண்டுவந்து இறக்கினேன். நாளுக்கு மூன்று தடவை தரையைத் துடைப்பேன், ஆனால் குழந்தையை அதில் விடமாட்டேன். பார்க்க வந்தவர்களை வாசலோடு அனுப்பினேன்.

என் கணவர் கோபால் டூவீலர் மெக்கானிக். தெருமுனையில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப். கைரேகைக்குள் எல்லாம் கிரீஸ் இருக்கும். அவர் குளித்து, சட்டை மாற்றி, கையை மூன்று தடவை கழுவினால்தான் குழந்தையைத் தொடலாம். அதெல்லாம் முடித்து வருவதற்குள் அவள் தூங்கிவிடுவாள். தூங்காத நாளில் அவரிடம் கொடுத்தால் யாரோ புது ஆளிடம் போனதுபோல அழுவாள். உடனே நான் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அது எனக்கு அப்போது வசதியாக இருந்தது.

நாலு திங்களு

தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் டாக்டர் கவனித்தார். மேஜைமேல் அவளைக் குப்புறப் போட்டார். தலையைக் கொஞ்சம் தூக்கினாள், பிறகு கன்னத்தைக் கீழே வைத்துக்கொண்டாள். மல்லாத்தி, ஒரு சிவப்புப் பேனாவை முகத்துக்கு நேரே காட்டினார். பார்த்தாள். கையை நீட்டவில்லை. இரண்டு கையும் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியிருந்தன.

"பொறந்த தேதியில இருந்து எண்ணாதீங்க," என்றார் டாக்டர். "பொறந்திருக்க வேண்டிய தேதியில இருந்து எண்ணுங்க. அப்படிப் பார்த்தா ஆறு மாசம். ஆறு மாசத்துக்கும் கொஞ்சம் பின்னாடிதான் இருக்கா. பயப்பட வேண்டாம். ஆனா சும்மாவும் இருக்க வேண்டாம்."

அவர்தான் நஸ்ரீனின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். மற்றதெல்லாம் மறந்துபோய், 'பின்னாடி' என்ற ஒரு வார்த்தையோடு வீட்டுக்கு வந்தேன்.

சிவாஜிநகருக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா தேனுவின் பாதத்தைத் தொட்டுக் கன்னடத்தில், "எஷ்டு திங்களு?" என்று கேட்டார். எத்தனை மாதம்? வாயில் தானாக வந்தது: "நாலு திங்களு."

அந்த அம்மா அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். நாலு மாதக் குழந்தை உட்காரவில்லையே என்று யாரும் கேட்கமாட்டார்கள். அன்றைக்கு அந்தப் பஸ் பயணம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அதன் பிறகு மெடிக்கல் ஷாப்பிலும் நாலு, காய் வண்டிக்காரரிடம் அஞ்சு என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தொடரை வாசித்து வருபவர்களுக்கு என் கார்மெண்ட்ஸ் நாட்கள் தெரியும். புதியவர்களுக்காக: கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பத்து வருடம், ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். நூல் பிசிறு, கறை, இழுத்துப்போன தையல் எங்கே இருக்கிறதோ அங்கே அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் வேலை. ஒரு சட்டையைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கண் நேரே குறைக்குப் போய்விடும். வேலையை விட்டேனே தவிர அந்தக் கண்ணை விடவில்லை. தேனுவைக் குளிப்பாட்டும்போது, பால் கொடுக்கும்போது, தூங்கும்போது, அதே கண்ணால்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதிக் கொடுத்த விளையாட்டு

நஸ்ரீன் துண்டைச் சுருட்டி முடித்தார். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

"சரி, பாப்பா வேணாம். நீங்க படுங்க," என்றார்.

"நானா?"

"மல்லாக்க படுங்க. பாப்பாவை நெஞ்சு மேல வச்சுக்கோங்க. இது உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே."

படுத்தேன். முன்பின் தெரியாத ஓர் அறையில் சுடிதாரோடு தரையில் மல்லாந்து கிடப்பது வேடிக்கையாக இருந்தது. தேனு என் நெஞ்சில் குப்புறக் கிடந்தாள். நஸ்ரீனும் குப்புறப் படுத்து, என் தலைப்பக்கம் முகவாயைப் பாயில் ஊன்றிக்கொண்டார். "இப்ப அவளைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்ப்பதற்காகத் தேனு தலையைத் தூக்கினாள். ஆடிக்கொண்டே தூக்கினாள், ஆனால் தூக்கினாள்.

"இப்ப மெதுவா ஒரு பக்கமா சாயுங்க. இன்னும் கொஞ்சம். அவ்ளோதான்."

சாய்ந்தேன். தேனு என் மார்பிலிருந்து ஷால்மேல் சரிந்தாள். நஸ்ரீன் சுருட்டிய துண்டை அவள் நெஞ்சுக்கடியில் செருகினார். என் கை எப்போது அவளை விட்டது என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்தால் விட்டிருந்தது.

அரை நிமிடத்தில் அழுதாள்.

"தூக்கிக்கோங்க," என்றார் நஸ்ரீன் உடனே. "அழ வைக்கிறதுக்கு இல்ல இது. அரை நிமிஷம் இருந்தா அரை நிமிஷம். அத ஒரு நாளைக்குப் பத்து தடவை பண்ணா அஞ்சு நிமிஷம் ஆச்சுல்ல."

அப்புறம் அவள் கை கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். இடது கால் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதாகச் சொன்னார். "போகப் போகத்தான் முழுசா சொல்ல முடியும் அக்கா. இப்போதைக்கு எனக்குத் தெரிஞ்சு இவளுக்குக் கம்மியா இருக்கறது தரைதான்."

"மருந்து ஏதாவது உண்டா?"

"மருந்து நை, அதெல்லாம் இல்ல. வெளையாட்டு எழுதித் தரேன்."

உண்மையாகவே ஒரு சீட்டில் எழுதினார். குப்புறப் போட்டு, நீங்களும் எதிரே குப்புறப் படுத்து முகம் காட்டுவது. ஸ்பூனால் டம்ளரைத் தட்டி, எட்டியும் எட்டாமலும் பக்கவாட்டில் காட்டுவது. சின்னப் பாட்டிலில் கொஞ்சம் ராஜ்மா போட்டு, மூடியை இறுக்கி மூடி, அதன்மேல் டேப் ஒட்டி உருட்டுவது. முகத்தைத் துணியால் மூடிக் 'காணோம்' சொல்வது.

"அவ 'ஆ'ன்னா நீங்களும் 'ஆ'ன்னு சொல்லுங்க. அப்புறம் பேசாம இருங்க. அடுத்தது அவ டர்ன். அவ பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்கணும், அதான் கஷ்டம்."

வீட்டில் சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றும், பாட்டுப் பாடிக்கொண்டே ஆடும் பேட்டரி பொம்மை ஒன்றும் வாங்கி வைத்திருப்பதைச் சொன்னேன். வாக்கரைப் பரணில் போடச் சொன்னார். பொம்மையைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். "அது வெளையாடுது, பாப்பா பாக்குது. நமக்கு வேண்டியது திருப்பி, அக்கா."

நோட்டுப் புத்தகம்

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே ஒரு நோட்டு வாங்கினேன். கோடு போட்டு, நேரம், எத்தனை வினாடி, வலது கை, இடது கை என்று கட்டம் பிரித்தேன். மொபைலில் அலாரம் வைத்தேன். அலாரம் அடித்ததும் பாயை விரித்து அவளைக் குப்புறப் போட்டு, ஸ்பூனை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 'காலை பத்தரை. இருபது வினாடி. அழுகை. வலது இல்லை. இடது இல்லை.'

நான் அவள் கையைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. 'ஆ' சொல்லிவிட்டுக் காத்திருக்கவும் எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு வினாடியில் மறுபடி 'ஆ' என்பேன், மறுபடி ஸ்பூனை ஆட்டுவேன். ஒரு வாரத்தில், பாயை உதறும் சத்தம் கேட்டாலே தேனு உதட்டைப் பிதுக்க ஆரம்பித்தாள்.

இவளுக்குத் தரை ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டினேன். இரண்டு நாள் பாயையே விரிக்கவில்லை. ஆனால் நோட்டில் 'இருபத்தைந்து வினாடி' என்று எழுதினேன். பத்து வருடத்தில் பழுதான ஒரு சட்டையைக்கூடச் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பாதவள் நான்.

சுற்றிய தட்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கோபால் ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டு வந்திருந்தார். தேனுவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனேன்.

பாத்ரூமுக்குள் இருந்தபோது கூடத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. எவர்சில்வர் தட்டு தரையில் டர்ர்ர் என்று சுற்றி, வேகம் குறையக் குறைய அதிர்ந்து, சட்டென்று நிற்கும் சத்தம். அது நின்றதும் இன்னொன்று. அது என்ன சத்தம் என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. தேனு சிரிக்கிறாள். புன்னகை பார்த்திருக்கிறேன். சத்தமாக அவள் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை.

ஈரத்தலையோடு வெளியே வந்தேன். கோபால் வெறுந்தரையில் கன்னத்தை வைத்துக் குப்புறக் கிடந்தார். எதிரே தேனு, மடித்துப் போட்ட அவருடைய பனியன்மேல் குப்புறக் கிடந்தாள். முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கியிருந்தாள். அவர் சாப்பாட்டுத் தட்டை விளிம்பில் நிறுத்தி விரலால் சுண்டிவிட்டார். அது சுற்றி முடியும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நின்றதும் சிரித்தாள்.

இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அன்று என் கண்ணில் பட்டது இரண்டுதான். வெறுந்தரை, அவர் நகக்கண்ணில் கருப்பு.

"கை கழுவுனீங்களா?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். தேனு வீறிட்டாள்.

"ஒரு தடவை கழுவுனேன்," என்றார்.

"ஒரு தடவை போதுமா? பாய்கூடப் போடாம, தரையில."

அவர் எழுந்தார். தட்டை எடுத்துப்போய்க் கழுவி ஸ்டாண்டில் வைத்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவ எனக்கும்தான் பொண்ணு, உமா."

கோபத்தில் சொன்ன மாதிரி இல்லை. எனக்கு மறந்துபோன ஏதோ ஒன்றை ஞாபகப்படுத்துவது போலச் சொன்னார். மூடிவிட்டு வந்த ஒர்க்‌ஷாப்பை மறுபடி திறக்கப் போனார்.

சாயங்காலம் வந்தார், குளித்தார், சாப்பிட்டார். குழந்தையைக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நானே நீட்டினேன். "இருக்கட்டும், உன்கிட்டயே இருக்கட்டும்," என்றார்.

பகலில், யாரும் இல்லாதபோது, அந்தத் தட்டை எடுத்து நானே சுற்றிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. சுண்டியதும் தொப்பென்று விழுந்தது. தேனு தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மடியில் கை

அடுத்த தடவை போனபோது நோட்டை நஸ்ரீனிடம் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து பொறுமையாக வாசித்தார்.

"இதுல எங்கயுமே பாப்பா சிரிக்கலையே அக்கா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். இரண்டு நாள் பொய்யாக எழுதியதையும் சொன்னேன். நஸ்ரீன் நோட்டை மூடி என் பைக்குள் வைத்தார். "அடுத்த வாரம் அண்ணாவைக் கூட்டிட்டு வாங்க. நோட்டு வேணாம்."

அதை வீட்டில் சொல்ல இரண்டு நாள் ஆனது.

"ஏங்க, புதன்கிழமை கடையைக் கொஞ்சம் லேட்டா திறக்க முடியுமா?"

"எதுக்கு?"

"சிவாஜிநகருக்கு நீங்களும் வரணும்."

"அந்த மேடம் வரச் சொன்னாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்தான். "நான்தான் கூப்பிடறேன்," என்றேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாம்பாரை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு கேட்டார். "அந்தச் சுத்தற தட்டையும் எடுத்துட்டு வரணுமா?"

பஸ்ஸில் தேனு அவர் மடியில் இருந்தாள். கொஞ்சம் சிணுங்கிவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். முன்சீட்டிலிருந்து ஓர் அம்மா திரும்பி, எத்தனை மாதம் என்று கன்னடத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கோபால் சொல்லிவிட்டார். "ஒம்பத்து திங்களு. ஸ்வல்ப பேகனே ஹுட்டிபிட்டளு." ஒன்பது மாதம், கொஞ்சம் சீக்கிரமே பிறந்துவிட்டாள்.

எனக்கு முகம் சுட்டது. அந்த அம்மா, "நன்ன மகனூ ஹாகே," என்றார். என் மகனும் அப்படித்தான். இப்போது காலேஜ் போகிறானாம், வீட்டில் தங்குவதே இல்லையாம். இறங்கும் வரை அவர் அந்த மகனைப் பற்றியே குறை சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது.

அறையில் நஸ்ரீன் என்னைச் சுவரோரம் உட்காரச் சொன்னார். "கை மடியில இருக்கட்டும் அக்கா. இன்னிக்கு உங்களுக்கு லீவு."

கோபால் தட்டை எடுத்து ரப்பர் பாயில் சுண்டிப் பார்த்தார். சுற்றவில்லை. "மேடம், இதுல நிக்காது. வெறுந்தரை வேணும்," என்றார். நஸ்ரீன் மறுபேச்சில்லாமல் பாயின் ஒரு பாதியைச் சுருட்டி ஒதுக்கினார். கீழே பழைய சிவப்புத் தரை. அதில் தேனுவைக் குப்புற விட்டார்கள். என் கை மடியிலிருந்து எழுந்தது.

"மடியில அக்கா," என்றார் நஸ்ரீன், என் பக்கம் திரும்பாமலே.

கோபால் எதிரே படுத்துத் தட்டைச் சுற்றினார். தேனு சிரித்தாள். "நேரா வேணாம் அண்ணா, அவ வலது பக்கமா. கொஞ்சம் தள்ளி," என்றார் நஸ்ரீன். வலது பக்கம் சுற்றியது. அவள் தலை சத்தத்தோடு திரும்பியது. உடம்பின் பாரம் இடது முழங்கைக்குப் போனது. வலது கை, மூடிய விரல்களோடு, தரையைத் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தது. தட்டில் இடித்தது. தட்டு டணாரென்று கவிழ்ந்தது.

அதிர்ந்துபோனாள். இப்போது அழுவாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை அகலத் திறந்து, "ஐயய்யோ, யாரு தள்ளுனது?" என்றார். தேனு சிரித்தாள்.

அவர் மறுபடி சுற்றினார், அவள் மறுபடி தள்ளினாள். அவர் அவசரப்படவே இல்லை. அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் 'ஆ' என்றால் அவரும் 'ஆ' என்றுவிட்டுச் சும்மா இருந்தார். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான்கோ ஐந்தோ தடவைக்குப் பிறகு அவள் கை நீண்டபோது விரல்கள் திறந்திருந்தன. கட்டைவிரல் வெளியே இருந்தது. உள்ளங்கை முழுவதும் தட்டின்மேல் பட்டது. கையை எடுத்த பிறகு எவர்சில்வரில் சின்னதாக ஒரு கைத்தடம் ஆவிபோலத் தெரிந்து மறைந்தது.

"பாத்தியா உமா?" என்றார் கோபால் மெதுவாக.

பார்த்தேன் என்று தலையாட்டினேன். பத்து நாளுக்கு முன் என் வீட்டுக் கூடத்திலேயே இதைப் பார்த்திருக்கலாம் என்றும் நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் அதை அவரிடம் சொன்னேன். "விடு," என்றார்.

பதினைந்து நிமிட டீ

அதன் பிறகு கோபால் காலை பதினோரு மணி டீக்கு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். கை கழுவுவது ஒரு தடவை என்று பேசி முடிவானது. பதினைந்து நிமிடம் தரையில் கிடப்பார். தட்டு அலுத்ததும் ராஜ்மா பாட்டில், அதன் பிறகு பெட்ஷீட்டின் ஒரு முனையில் அவளை உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு என்னை மறுமுனையை மெதுவாக இழுக்கச் சொல்வது. நோட்டின் மிச்சப் பக்கங்களில் பால் கணக்கு ஏறியது.

எனக்கும் ஒரு விளையாட்டு அமைந்தது. கம்பெனியிலிருந்து எப்போதோ கொண்டுவந்த கட்பீஸ் துணிகள் ஒரு பை நிறைய இருந்தன. ஜீன்ஸ், சாட்டின், டவல் துணி, கோடு கோடாக மேடு தட்டும் கார்டுராய். ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்து இழுப்பேன். சாட்டினுக்குச் சிரிப்பாள், டவலை வாயில் வைப்பாள், ஜீன்ஸை வேண்டாம் என்று தள்ளுவாள். பத்து வருடம் துணியைத் தொட்டு வேலை செய்தவள், அது எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் அவளோடு சேர்ந்து தொட்டுப் பார்த்தேன். சில நாள் அலாரம் வைத்தது போல நேரம் பார்த்துவிடுவேன். சில நாள் மதியம் ஆனதே தெரியாது.

எல்லாம் மளமளவென்று நடந்துவிடவில்லை. அவள் முதன்முதலில் புரண்டபோது யாருமே பார்க்கவில்லை. சமையலறையிலிருந்து வந்து பார்த்தால் வேறு பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். உட்காரத் தாமதமானது. இடது கால் இறுக்கம் முழுதாக விடவில்லை. அதற்கு நஸ்ரீனிடம் இரண்டு வருடம் போனோம். நடக்க ஆரம்பித்தது ஒன்றரை வயதுக்கு மேல். இப்போதும் வேகமாக ஓடினால் இடது பாதம் கொஞ்சம் உள்ளே திரும்பும். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மாடிப்படியில் அவளைப் பிடிக்க எங்களால் முடிவதில்லை.

சமையலறைப் பக்கம்

இந்த வாரம் எழுத உட்கார்ந்ததே ஒரு காலை வேளைக்காகத்தான். அதைச் சொல்லி முடிக்கிறேன்.

அவளுக்கு ஒரு வயது முடிந்து சில வாரங்கள். தவழ ஆரம்பித்திருந்தாள். ஆனால் இரண்டடி போவாள், நின்று திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் சிரித்தால் இன்னும் ஓரடி. பிறகு திரும்பி என் முழங்காலுக்கே வந்துவிடுவாள். என்னைச் சுற்றி ஒரு பாய் அளவு இடம்தான் அவள் உலகம்.

அன்று மொட்டைமாடியிலிருந்து எடுத்து வந்த துணிகளைக் கூடத்தில் குவித்து மடித்துக்கொண்டிருந்தேன். தேனு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தலையணை உறையோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டுச் சமையலறை வாசலைப் பார்த்தாள். அங்கே கீழ்த்தட்டில் லேசான பாத்திரங்களை மட்டும் அவளுக்காக எடுத்து வைத்துச் சில நாட்கள் ஆகியிருந்தன. அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை.

கையை ஊன்றிக் கிளம்பினாள். இடது முழங்காலைக் கொஞ்சம் இழுத்தபடி, இரண்டடி, மூன்றடி. இப்போது திரும்புவாள் என்று சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

திரும்பவில்லை. கூடத்தின் பாதியைக் கடந்தாள். வாசற்படியில் நின்று அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு கையாக அந்தப் பக்கம் வைத்து ஏறி இறங்கினாள். சுவர் அவள் தலையை மறைத்தது, பிறகு முதுகை. கடைசியாகச் சிவந்த இரண்டு உள்ளங்கால்கள் தெரிந்தன. அவையும் போய்விட்டன.

அவள் பிறந்த நாளிலிருந்து, விழித்திருக்கும் நேரத்தில் என் கண்ணில் படாத இடத்துக்கு அவளாகப் போனது அதுதான் முதல் தடவை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி வந்திருப்பாள். கூப்பிடவில்லை.

உள்ளே ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு இன்னொன்று விழுந்தது.

நான் அடுத்த துணியை எடுத்து மடித்தேன்.